எண்ணி நூறு பாதாம்

"என்ன மாப்ளே, சுகரா?"

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் தெளித்த பன்னீர் சட்டையில் காய்வதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் எனக்கு மாமா முறை. எந்த வழியில் மாமா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்க்கும் உரிமையை அவரே எடுத்துக்கொண்டார். "ஆள் பாதியாயிட்டியேப்பா. கவலைப்படாதே, இப்பல்லாம் நல்ல மாத்திரை வந்துருக்கு."

"இல்ல மாமா, நானாத்தான் குறைச்சேன்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "கடன் ஏதும் வாங்கிட்டியா?"

எங்கள் பக்கத்தில் ஒருவன் இளைத்தால் சுகர். சுகர் இல்லையென்றால் கடன். இரண்டும் இல்லையென்றால் பெண்டாட்டி ஒழுங்காகச் சோறு போடுவதில்லை. நான்காவது காரணம் எந்தச் சொந்தக்காரர் மண்டையிலும் ஏறாது. கைக்காசைச் செலவழித்து, ஆவி பறக்கிற சோற்றைக் கண்ணெதிரே ஒதுக்கி, ஒருவன் வேண்டுமென்றே இளைப்பான் என்று சொன்னால் அடுத்த கேள்வி மனநலம் பற்றியதாக இருக்கும். இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் என்னவென்றால், மாமா கேட்டதில் கணக்குப்படி தப்பே இல்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொல்லிவிட்டது. மண்டப வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிற நடுவயதுக்காரர்களையெல்லாம் வரிசையாக "சுகரா?" என்று கேட்டால் முகூர்த்தம் முடிவதற்குள் மாமாவுக்குக் கைராசி டாக்டர் என்ற பெயரே கிடைத்துவிடும்.

பேலியோ என்றால் என்ன என்று நான் இங்கே விளக்கப்போவதில்லை. நீங்களும் இருந்தவர்தான். உங்கள் வீட்டு அடுக்களையிலும் மேல்தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட பாதாம் பாக்கெட் ஒன்று பாதியில் நிற்கிறது, எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். உடம்பு குறைய எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அதற்கு முன்னால் அந்தப் பந்தியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நெஞ்சில் நிற்கும்.

இலையில் முதலில் விழுந்தது ஜாங்கிரி. அடுத்து உருளைக்கிழங்கு. அடுத்து வாழைக்காய் வறுவல், பருப்பு வடை, அப்பளம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் தேறியவை உப்பும், ஒரு கரண்டி அவரைக்காய்ப் பொரியலும், தண்ணீர் பாட்டிலும். பிறகு சோற்றுப் பேசினோடு அந்தப் பையன் வந்தான். வேண்டாம் என்று கையை மறித்தேன். கைமேலேயே போட்டான். சுடச்சுட. "சார், முதல் ரவுண்டுதான் சார்" என்று சமாதானம் வேறு. எதிர் வரிசையிலிருந்து மாமா, "அவனுக்குப் போடாதே தம்பி, அவனுக்கு சுகர்" என்று மண்டபம் கேட்கச் சொன்னார். பையன் உடனே பயபக்தியோடு விலகிப்போய் ஒரு தட்டில் இரண்டு சப்பாத்தி கொண்டுவந்து வைத்தான். கோதுமையிலும் மாவுச்சத்துதான் என்று நான் ஆரம்பித்தபோது பக்கத்து இலைக்காரர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டிலும் நிலைமை இதேதான். மத்தியானம் நான்கு முட்டை, கால் கிலோ வஞ்சிரம், ஒரு கிண்ணம் கீரை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறேன். அம்மா கேட்கிறார், "சரி, எப்பப்பா சாப்பிடப் போறே?" அம்மாவைச் சொல்லிப் பயனில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி 1967-ல் ஆட்சியையே மாற்றிய மாநிலம் இது. 2011-லிருந்து ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. பாதாம் தருகிறேன் என்று சொல்லி எவரும் இங்கே ஒரு வார்டு கவுன்சிலர்கூட ஆனதில்லை. நெல் சாகுபடி செய்யும் பெரியப்பா என்னோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1922-லிருந்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் நடத்தி, ரகம் ரகமாக நெல் கண்டுபிடித்துக் கொடுத்தது நீ கலிபோர்னியாக்காரன் கொட்டையைத் தின்பதற்கா என்பது அவர் கட்சி. உலகத்துப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவில்தான் விளைகிறது என்று நான்தான் ஒருநாள் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

பாதாம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நூறு.

காலை உணவுக்கு நூறு பாதாம். ஏன் நூறு? தொண்ணூறு சாப்பிட்டால் இளைக்காதா? நூற்றுப்பத்து சாப்பிட்டால் கொழுப்பு திரும்பி வந்துவிடுமா? இதற்குப் பதில் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. "நூறு என்னடா நூறு, நூத்தியெட்டா வெச்சுக்கோ. அம்மனுக்கு வேண்டுதலாவும் ஆச்சு" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில்தான் கொஞ்சமாவது தர்க்கம் இருந்தது.

முந்தின நாள் ராத்திரியே எண்ண வேண்டும், 12 மணி நேரமாவது ஊற வேண்டுமே. எண்ணுவது சுலபம் என்று நினைப்பவர்கள் எண்ணியதில்லை. அறுபத்து மூன்றாவது பாதாமில் போன் வரும். எடுத்து, கிரெடிட் கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் அறுபத்து மூன்றா, எழுபத்து மூன்றா? மறுபடி முதலிலிருந்து. பாக்கெட்டின் அடியில் கிடக்கும் பாதிப் பருப்புகளை என்ன செய்வது? இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று என்பது கணக்கு. ஆனால் ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சிறிதாகவும் இருந்தால்? நான் ஜோடி சேர்த்துப் பார்ப்பேன். சரியாகப் பொருந்துகிற பாதி கிடைக்கும்வரை பாக்கெட்டைத் துழாவுவேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை என்று மனைவி சொல்வாள்.

பிறகு இந்த வேலையை அப்பாவிடம் விட்டேன். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணுவதற்கென்றே பிறந்த விரல்கள். மேசை விளக்கைப் போட்டு, பழைய பழக்கத்தில் ஈரப் பஞ்சு டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்தாக அடுக்குவார். சுருங்கியதையும் பூச்சி அரித்ததையும் கள்ளநோட்டைப் பார்க்கிற பார்வை பார்த்து ஒதுக்குவார். ஆனால் வங்கிக்குப் போவதற்கு முன்னால் அவர் வளர்ந்தது களத்துமேட்டில். மரக்காலால் நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பாவும் பாதாமை அப்படித்தான் எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு பத்தையும் மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தார். லாபம் என்பது ஒன்றா, அல்லது ஒன்றுக்கு முந்தியதா, அதாவது கணக்கில் சேராத இனாமா என்று எனக்குள் சந்தேகம் புகுந்துவிட்டது. சேராது என்றால் பத்துக்கு ஒன்று வீதம் பத்து பாதாம் அடிபடுகிறதே. கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு ரூபா குறைஞ்சதில்ல" என்றார். அன்றிலிருந்து மறுபடி நானே எண்ணுகிறேன்.

எண்ணி ஊறப்போட்டால் முடிந்ததா? இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவார்கள். காலையில் எண்ணினால் தொண்ணூற்று ஒன்று. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் "நான் ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன்" என்பவர்கள். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தால் எட்டு. ஒன்பதாவது எங்கே? இதை விசாரிக்கப்போய் மைத்துனர் மகன் அழுதுவிட்டான். "குழந்தை ஆசைப்பட்டு ஒண்ணு எடுத்துச்சு, அதுக்குப்போய்..." என்று மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது. நான் அவனைத் திட்டவில்லை. எண்ணத்தான் சொன்னேன்.

அடுத்தது தோல். ஊறிய பாதாமைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பறக்கும். பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்கு அடியில். ஒருமுறை பால் ஊற்ற வந்தவர் நெற்றியில். ஃபிரிட்ஜுக்கு அடியில் போனதை எடுத்துக் கழுவிச் சாப்பிடலாமா, அல்லது பாக்கெட்டிலிருந்து ஊறாத ஒன்றை ஈடுகட்டலாமா? ஊறாததை ஊறியதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாமா? தோலோடு சாப்பிடுவதுதான் நல்லது என்று சொல்கிற ஒரு கோஷ்டி உண்டு. அவர்களுக்கும் தோல் உரிக்கிற கோஷ்டிக்கும் நடக்கிற சண்டைக்கு முன்னால் வடகலை தென்கலை வழக்கெல்லாம் ஒன்றுமே இல்லை.

எடை போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம். தராசில் ஒரு நொடி வேலைதான். செய்து பார்த்தேன். 120 கிராம் வைத்துவிட்டு, மனசு கேட்காமல், எண்ணிப் பார்த்தேன். நூற்று நான்கு இருந்தது. அந்த நான்கை என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தபோது மனைவி வந்து, ஒன்றும் பேசாமல் நான்கையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிடுவதைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. நெய்யில் லேசாக வறுத்து உப்பு தூவினால் முதல் இருபது அமிர்தம். நாற்பதில் தாடை வலிக்க ஆரம்பிக்கும். எழுபதில் தச்சுப்பட்டறையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியது போல ஆகிவிடும். நூறைத் தொடுவதற்குள் நாளிதழில் டெண்டர் அறிவிப்பு, காணவில்லை, பெயர் மாற்றம் வரைக்கும் படித்து முடித்திருப்பேன். இதற்கு நடுவே வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். "சார் வீட்ல காலைல டிபனே பாதாம்தான்" என்று தெரு முழுக்கப் பேச்சு. கோயில் திருப்பணிக் கமிட்டிக்காரர்கள் போன வருஷம் என்னிடம் கேட்ட தொகையை இந்த வருஷம் கேட்கவில்லை. கூட ஒரு பூஜ்யம் போட்டுக் கேட்டார்கள். நூறு பாதாமில் ஏறக்குறைய 700 கலோரி இருக்கிறது, அது ஒரு முழுச் சாப்பாட்டுக் கணக்கு, இதைச் சாப்பிட்டால் மத்தியானம்வரை பசிக்காதது அதிசயமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். ரசீதை எழுதிக்கொண்டே தலையாட்டினார்கள்.

எங்கோ போய்விட்டேன். அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு வில்லியம் பாண்டிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பாண்டிங் லண்டன்காரர். தொழில், சவ அடக்கம். அரச குடும்பத்துச் சாவுக்கே பொறுப்பு எடுத்துச் செய்த குடும்பம். ஐந்தடி ஐந்து அங்குல உயரத்துக்கு 202 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 92 கிலோ. குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாது. மூட்டு தாங்காமல் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்குவார். காது மந்தமாகிறது என்று 1862-ல் வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். (ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி வேறு, அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.) இந்த ஹார்வி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில் 46 பவுண்டு இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் பாண்டிங் 1863-ல் கைக்காசில் ஒரு சிறு பிரசுரம் அச்சடித்து இனாமாகக் கொடுத்தார். அதாவது, உடம்பு இறங்கியதும் ஊருக்கெல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்ற வியாதி 160 வருஷத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. 81 வயதுவரை இருந்தார்.

இதில் நம் பேலியோ அண்ணன்மார் யாரும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. பாண்டிங்கின் பட்டியலில் மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டு மூன்று கிளாஸ் சிவப்பு ஒயின். ராத்திரியும் ஒயின். படுக்கப் போகும்போது, தேவைப்பட்டால், சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ பிராந்தியோ ஒரு டம்ளர். இறைச்சியை வைத்துக்கொண்டார்கள், ரொட்டியை வெட்டினார்கள், எங்கிருந்தோ நூறு பாதாமைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த டம்ளரை மட்டும் யார் எடுத்தது? வெண்ணெய் போட்ட டீயைக் கொடுத்து ஈடுகட்டிவிட்டதாக நினைப்பு. இதை வீட்டில் வரலாற்று ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன். "அந்தாளு பொழப்பு சவப்பெட்டி செய்யறது, ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள் மனைவி.

முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டது என்று துள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நானும் துள்ளினேன், அதனால் கூடுதல் கோபம். சோற்றை நிறுத்தியதும் கல்லீரலும் தசையும் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடம்பு எடுத்துச் செலவு செய்கிறது. அந்தச் சரக்கு ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சரக்கு தீர்ந்தால் தண்ணீர் வெளியேறும், எடை சரசரவென்று இறங்கும். இறங்கியது கொழுப்பு என்று நினைத்து இவர் பேண்ட்டை டெய்லரிடம் கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் ஒரு கிரகப்பிரவேசம், ஒரு கல்யாணம், பாயசம். தண்ணீர் திரும்பி வந்துவிடும். பேண்ட்டைத் திரும்பப் பிரிக்க டெய்லர் தனிக் கூலி கேட்பார்.

சரி, தண்ணீருக்குப் பிறகு கொழுப்பே இறங்காதா? இறங்கும். எனக்கு இறங்கியிருக்கிறது, மாமா எதிரிலேயே சாட்சி சொன்னாரே. ஆனால் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். ஒரு கட்சிக்கு மாவுச்சத்து குறைவு, இன்னொரு கட்சிக்குக் கொழுப்பு குறைவு. முடிவு 2018-ல் வந்தது. மாவைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 6 கிலோ இறங்கியது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்த அன்று நான் பாதாமைப் பார்த்தேன். 700 கிராம் வித்தியாசத்துக்கா இத்தனை எண்ணிக்கை? அதிலும் ஒரே கட்சிக்குள்ளேயே சிலருக்கு 25 கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது, சிலருக்கு ஏறியே இருக்கிறது. ஏறியவர்கள் வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார்கள் என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதுவதில்லை.

இப்போது அந்த ஒரு விஷயம். உண்மையில் வேலை செய்வது எது என்று இதையெல்லாம் அனுபவித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நேற்று ஆபீஸ் கேன்டீனில் இதை ஒருவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், பாவம், என்னைப் பற்றித் தெரியாது. அவர் எதிரில் பொங்கல், இரண்டு மெதுவடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பொங்கலின் மேல் ஒரு முந்திரி, முழு மிளகு இரண்டு, நெய் இன்னும் உறையவில்லை. நான் என் டப்பாவைத் திறந்து நான்கு அவித்த முட்டையையும் ஒரு வெள்ளரிக்காயையும் எடுத்து வைத்தேன். பொங்கலில் அரிசி எத்தனை கிராம் இருக்கும் என்று மதிப்பிட்டுச் சொன்னேன். அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான் என்றேன். பாசிப்பருப்பை நம்பி ஏமாறக்கூடாது என்றேன். கிளைக்கோஜனுக்கு வந்தேன். பாண்டிங்குக்கு வந்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ஜன்னலோர டேபிள் காலியா இருக்கு" என்றார்.

எனக்கு ரோஷம் உண்டு. எழுந்துவிட்டேன். டப்பாவை மூடி, வெள்ளரிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, உளுந்திலும் பாதிக்குப் பாதி மாவுச்சத்து என்பதை மட்டும் அந்த இரண்டாவது வடையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.